ஒரு தீப்பெட்டி உயரம்

"அந்தக் கடிதத்தை எழுதினது யாருன்னு தெரியாம இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்" என்றார் பேக்கரிக்காரரின் மனைவி.

நகரமைப்பு அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். அதில் யாரும் அதிக நேரம் உட்கார்ந்ததில்லை.

"பேர் சொல்லக் கூடாதும்மா. கடிதத்தைக் கையில கொடுக்கவும் கூடாது. வேணும்னா வாசிக்கிறேன்."

"விடு, போலாம்" என்றார் பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரர்.

"நீங்க சும்மா இருங்க. இவருக்கு வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது மேடம். எவ்வளவு ஆசையா ஒரு வாரம் மொட்டை மாடியில கம்பு நட்டு அளந்தாரு தெரியுமா?"

பேக்கரிக்காரருக்கு இருமல் வந்தது.

விஷயம் இதுதான். அந்தச் சின்ன நகரத்தின் உயரம் மூன்று தளம். மணிக்கூண்டைத் தவிர வேறெதுவும் அதற்கு மேல் தலை நீட்டக் கூடாது என்கிறது நகரத் திட்டம். காக்கைகளைப் பற்றி அதில் குறிப்பு இல்லை. விதிவிலக்காக நான்காவது தளம் வேண்டுவோர் விண்ணப்பிக்கலாம். நிழல் விழும் எல்லையில் குடியிருக்கும் எவரும் முப்பது நாளுக்குள் ஆட்சேபிக்காவிட்டால் அனுமதி.

பேக்கரிக்காரர் விண்ணப்பித்த பின் இருபத்தொன்பது நாள் ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. முப்பதாம் நாள் அலுவலகம் மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆட்சேபப் பெட்டியில் ஓர் உறை விழுந்தது. பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் முறையாக இருந்தன.

"வேற யாரு? பின்பக்கத்துச் செடிக்கடைக்காரன்தான்" என்றார் மனைவி. "எங்க கடை எலி அவன் நாத்தைத் தின்னுடுச்சாம். பதினோரு வருஷமா இவரோட பேச்சுவார்த்தை இல்ல. எலி என்ன எங்க அட்ரஸ் எழுதி ஒட்டிக்கிட்டா போகுது?"

"அவர் ஆட்சேபம் எதுவும் தரலை. அதை மட்டும் நான் சொல்லலாம்."

மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரி ஏமாற்றிவிட்டான்.

"அப்ப யாரு? சரி, வாசிங்க."

அதிகாரி வாசித்தார். "நான்காவது தளம் வந்தால் காலை ஒன்பது முதல் பதினொன்றரை வரை பின்னாலுள்ள செடிக்கடையில் மூன்றாவது தொட்டி வரிசை வரை நிழல் விழும். நாற்றுக்குத் தேவை அந்த வெயில்தான். பிற்பகலில் அங்கே எப்படியும் பள்ளிக்கூடத்து நிழல். அளந்து பார்த்தே எழுதுகிறேன்."

"அடுத்தவன் வெயிலை அளக்கிற அளவுக்கு ஊர்ல வேலையில்லாதவன் எவன்?"

பேக்கரிக்காரர் ஜன்னல் வழியே மணிக்கூண்டைப் பார்த்தார். மணி சரியாகத்தான் இருந்தது.

அதிகாரி எழுந்து மூலையிலிருந்த மேசைக்கு அழைத்துப் போனார். அதன்மேல் மொத்த நகரமும் மரக்கட்டைகளாக இருந்தது. நூலகம், தபால் நிலையம், பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம்.

"எங்க கடை எது?"

"இது."

"இவ்வளவு சின்னதா?" என்று குறைப்பட்டுக்கொண்டார் மனைவி.

அதிகாரி அந்தக் கட்டையின்மேல் ஒரு தீப்பெட்டியை வைத்தார். டார்ச்சைப் பத்து மணிச் சூரியன் இருக்கும் உயரத்தில் பிடித்தார். பின்னாலிருந்த பச்சைச் சதுரம் முக்கால்வாசி கறுத்தது. தீப்பெட்டியை எடுத்தார். பச்சை திரும்பி வந்தது. மறுபடி வைத்தார்.

மனைவி குனிந்து பார்த்தார். பிறகு தானே தீப்பெட்டியை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தார்.

"இருந்தாலும் என் தங்கச்சி வீடு நாலு மாடி மேடம்."

"அங்கேயிருந்து என்ன தெரியுது?"

"எதிர்த்த பில்டிங் பாத்ரூம் குழாய்" என்றார் மனைவி. சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி விடுங்க. மொட்டை மாடியில நாலு தொட்டியாவது வைக்கிறேன். செடி வாங்க அவன்கிட்டதான் போகணும். அதுக்கு நான் போறேன். இவரு போனா சண்டைதான் வரும்."

இருவரும் வெளியேறினார்கள்.

இரண்டு நிமிடத்தில் பேக்கரிக்காரர் மட்டும் திரும்பி வந்தார்.

"குடையை மறந்துட்டேன்."

"நீங்க குடை கொண்டு வரலையே."

"ஆமா." கதவை மெல்லச் சாத்தினார். "சொந்த விண்ணப்பத்துக்கே ஆட்சேபம் எழுதினா செல்லுமா மேடம்?"

"நேத்து ராத்திரி முழுக்க விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். 'எவரும்'னுதான் போட்டிருக்கு. நீங்களும் அதுல அடக்கம். ஆனா, விண்ணப்பத்தையே திரும்ப வாங்கியிருக்கலாமே?"

"வாங்கியிருக்கலாம். அப்புறம் சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போறது?"

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பதினோரு வருஷமா உங்ககிட்ட பேசாத மனுஷனுக்காகவா?"

"பேச்சு வேற, வெயில் வேற மேடம். என்கிட்ட கேக்கறதுக்கு அவனுக்கு ரோஷம் இடம் கொடுக்காது. எலிங்க என் கடையிலேர்ந்து போனதும் உண்மைதான். வெயிலையும் நானே பிடுங்கினா நல்லாவா இருக்கும்?"

கதவுவரை போனவர் நின்று திரும்பினார்.

"அந்தக் கடிதத்தை மட்டும் பீரோவுல வெச்சுப் பூட்டிடுங்க. கடைப் பலகையில தினமும் விலை எழுதறது நான்தான். என் கையெழுத்து அவளுக்கு ஒரு மைல் தூரத்திலேயே தெரியும்."