கையில்லாத குச்சிகள்

கண்ணாடிக்குள் இருந்த அந்தக் கிண்ணத்தை அவருக்குத் தெரியும்.

மூன்று துண்டு இறைச்சி. பாதி முட்டை. நூடுல்ஸைத் தூக்கிக்கொண்டு இரண்டு குச்சிகள் அந்தரத்தில் நின்றன. பிடித்திருக்கக் கை இல்லை.

ஒசாகாவில் மகன் சஜின் தங்கியிருந்த அறைக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடை அது. நாகர்கோவிலிலிருந்து அவர் வந்து மூன்று நாள் ஆகிறது.

"சாப்டியா மக்களே?"

இரண்டு வருடமாக மகனிடம் வேறெதையும் அவர் உருப்படியாகக் கேட்டதில்லை. பதிலுக்குத் தினமும் போனில் ஒரு சாப்பாட்டுப் படம் வரும். பயல் ராஜா மாதிரி தின்கிறான் என்று தெருவெல்லாம் காட்டிப் பீற்றிக்கொள்வார். குச்சியை யாருடே புடிச்சிருக்கா என்று ஒருமுறை கேட்டார். சிரிக்கும் பொம்மை ஒன்று வந்தது.

மகன் உடம்பில் சத்தே இல்லை என்று நேற்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது சண்டைக்குப் போனார். போனைத் திறந்து படங்களைக் காட்டினார்.

டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

கடைக்குள்ளிருந்து ஒரு பெண் வந்து காட்சி அலமாரியின் கண்ணாடியைத் திறந்தாள். கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியைத் துணியால் துடைத்தாள்.

ஒரு சொட்டும் சிந்தவில்லை.

பிளாஸ்டிக்.

அவர் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாம் அந்த அலமாரியிலேயே இருந்தன. நுனி உடைந்த மீன் வால்கூட.

அறையில் ஒரே ரக பன்னின் காலி உறைகள் மூட்டையாகக் கிடந்தது நினைவுக்கு வந்தது. நொறுக்குத்தீனி என்று நினைத்திருந்தார்.

இத்தனை நாள் கேட்டோமே, ஒருநாளாவது முகத்தைக் காட்டச் சொன்னோமா என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

இந்த ஊரில் எதையும் அழகாகப் பொதிந்துதான் தருகிறார்கள். ஒற்றை பிஸ்கட்டுக்கும் ஓர் உறை. சஜினையும் அப்படித்தான் தந்திருந்தார்கள். எலும்பும் சாம்பலுமாக ஒரு சின்னப் பெட்டி, மேலே வெள்ளைத் துணி, பிசகாத முடிச்சு.

அதை மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்குள் போனார். கண்ணாடியில் இருந்த கிண்ணத்தைக் காட்டி, இரண்டு விரல் நீட்டினார்.

இரண்டு கிண்ணங்கள் வந்தன. ஆவி பறந்தது.

பெட்டியை எதிர் நாற்காலியில் வைத்தார். அதன் முன்னால் ஒரு கிண்ணம். பக்கத்தில் சஜினின் போன்.

குச்சிகளைப் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு முறை நழுவின. மூன்றாவது முறை நூடுல்ஸ் மேலே வந்தது. இடது கையால் படம் எடுத்தார்.

இந்தப் படத்தில் ஒரு கை இருந்தது.

அனுப்பினார்.

எதிரே, கிண்ணத்தின் பக்கத்தில், போன் ஒருமுறை அதிர்ந்தது.