மாமனார் வண்டிக்கு ஒரு ஃபில்டர்

“கழண்டுருச்சு!”

வெள்ளைக் காருக்கு அடியிலிருந்து புது மாப்பிள்ளை போட்ட சத்தத்தில், மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். அவன் ஒரு கையில் பழைய ஆயில் ஃபில்டர், முகமெல்லாம் கறுப்பு ஆயில். இடுப்பு பெல்ட்டை அதில் சுற்றி இழுத்துத்தான் கழற்றியிருந்தான்.

“மொதல்ல பேண்ட்டப் புடிங்க! தெருவே பாக்குது.”

தெரு என்றால் ஒரே ஒரு ஆள்தான். எதிர்வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மீசைக்காரர், மதில்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தபடி ஆரம்பத்திலிருந்தே ரசித்துக்கொண்டிருந்தார்.

“ஆயிலு நல்லதாத்தான ஊத்துவீங்க?” என்றார்.

“இருக்கறதுலயே ஒசத்தி!”

பின்னே? மாமனார் பாதி ஆயுளை லாரிக்கு அடியில் கழித்தவர். “பேனா புடிக்கற கை ஸ்பேனர் புடிக்குமா? வண்டி வாசல்லதான் நிக்குது. ஃபில்டர ஒழுங்கா மாத்திட்டாருன்னா சாவி அவருக்கே” என்று காலையில் மச்சினிச்சிகள் எதிரில் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதைக் குடைந்தது.

வாங்கி வைத்திருந்த புது ஃபில்டரைத் திருகிப் பார்த்தான். மரை பிடிக்கவில்லை. பழையதன் பக்கத்தில் வைத்தால் ஒரு சுற்றுப் பெரிசு.

ஒரு கையில் ஃபில்டர்கள், மறு கையில் பேண்ட். கடைக்கு ஒரே ஓட்டம்.

“நீங்க சொன்ன டீசல் வண்டிக்கு இதாங்க சரி. பந்தயமே கட்டறேன்” என்றார் கடைக்காரர்.

“அண்ணே, இது என் கையாலயே கழட்டினதுண்ணே!”

“அப்ப என் கண்ணுதான் போச்சு போல.” பழையதை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, அதே அளவில் வேறொன்றைக் கொடுத்தார்.

ரப்பர் வளையத்தில் ஆயில் தொட்டுத் தடவி, கையாலேயே திருகினான். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. புது ஆயிலை ஊற்றி மூடினான்.

“ஒழுகுதான்னு குனிஞ்சு பாருங்க” என்றார் மீசைக்காரர்.

“ஒரு சொட்டு கெடையாது!”

மீசைக்காரர் கை தட்டினார். மனைவி மாடியிலிருந்து விசிலே அடித்தாள். “அப்பா வர்ற நேரந்தான்! சாவிய வாங்காம விடாதீங்க!”

ஹாரன் கேட்டது. மாமனார் வந்து நின்றார், அச்சு அசல் அதே மாதிரி ஒரு வெள்ளைக் காரில்.

“டீசல் போடப் போனேன், லேட்டாயிருச்சு. என்ன மாப்ளே, நம்ம வண்டிய ஆரம்பிக்கலாமா?”

மாப்பிள்ளையின் கை பேண்ட்டை விட்டது.

மதிலிலிருந்து குதித்த மீசைக்காரர், சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்துச் சுழற்றினார்.

“தம்பி, அப்படியே முன் டயருக்குக் காத்தும் அடிச்சு விட்டுருங்களேன்.”