எந்த நாட்டுல இருக்கான்?

பக்கத்து வீட்டு மனோரஞ்சிதத்துக்கு அடுத்தவர் வீட்டு விஷயம் தெரியாவிட்டால் சோறு இறங்காது. செங்காங் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வீடு மாறி வந்த மூன்றாம் நாளே சம்சுன்னிசாவுக்கு இது விளங்கிப் போயிற்று.

லிஃப்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, பிள்ளைகள் எத்தனை என்று. ஒரே மகன், பெயர் முஆத், வெளிநாட்டில் வேலை என்றாள் சம்சுன்னிசா.

"எந்த நாட்டுல?"

"அது... மாறிக்கிட்டே இருக்கும்க்கா."

மனோரஞ்சிதம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். லிஃப்ட் தரைக்கு வந்ததும் சம்சுன்னிசா தப்பித்தோம் பிழைத்தோம் என்று நடையைக் கட்டினாள்.

விஷயம் இதுதான். முஆத் கடற்படையில் இருக்கிறான். அவன் கப்பல் எங்கோ தூரத்துக் கடலில் காவலுக்குப் போயிருக்கிறது. கிளம்பும் முன் குடும்பங்களைக் கூப்பிட்டு, கப்பல் எங்கே நிற்கிறது, எப்போது திரும்பும் என்று வெளியே பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் சொன்னது.

ஆனால் வீட்டுக்காரர் இப்ராஹீம் முப்பத்து நாலு வருஷம் அரசாங்க கிளார்க்காகக் குப்பை கொட்டியவர். மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தால், சொந்தமாக ரெண்டு சேர்த்துப் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கப்பல் என்றே வாயைத் திறக்காதே, நேவி என்ற பேச்சே கூடாது, யார் கேட்டாலும் வெளிநாடு என்பதோடு நிறுத்திக்கொள் என்று பெண்டாட்டிக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பெற்ற பிள்ளையைப் பற்றி நாலு வார்த்தை பெருமையடிக்க முடியாத அவஸ்தை இருக்கிறதே, அது பட்டவளுக்குத்தான் தெரியும்.

நோன்புப் பெருநாளன்று மனோரஞ்சிதம் பிரியாணி டப்பாவை வாங்கிக்கொண்டே, பையன் பெருநாளைக்குக்கூட வரவில்லையா என்று கேட்டாள்.

"விட்டாத்தானேக்கா வருவான்."

"போன்லயாச்சும் பேசுறானா?"

"அவங்க எப்ப விடுறாங்களோ அப்பத்தான். பத்து நிமிஷம் பேசுறதுக்குள்ள பின்னாடி நாலு பேர் வரிசையில நிப்பாங்க."

மனோரஞ்சிதத்தின் முகம் என்னவோ போல் ஆனது. குரலைத் தாழ்த்தி, எத்தனை மாசம் என்று கேட்டாள்.

"ஆறு. ரெண்டு முடிஞ்சிருச்சு."

அதோடு சரி. அன்றிலிருந்து அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் புட்டு வந்தது, மறுநாள் கத்தரிக்காய்க் குழம்பு வந்தது. சாயங்காலம் புளோக்குக்குக் கீழே பெண்கள் உட்கார்ந்து பேசும்போது யாராவது சம்சுன்னிசாவிடம் மகன் பேச்சை எடுத்தால், "அவங்கள விடுங்க லா" என்று மனோரஞ்சிதம் குறுக்கே விழுந்து பேச்சை மாற்றினாள்.

சம்சுன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேள்வி கேட்டுத் துளைத்தபோதுகூடப் பரவாயில்லை. இப்போது நம்மைப் பற்றி என்னத்தையோ கட்டிவிட்டிருக்கிறாள், அதனால்தான் இந்தக் கரிசனம் என்று வீட்டுக்குள் வந்து பொருமினாள்.

நாலாம் மாசம் அந்தக் கோபத்துக்கும் நேரமில்லாமல் போயிற்று. முஆதிடமிருந்து பன்னிரண்டு நாளாகப் போன் இல்லை. செய்தியில் கடல் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தாலே கைவேலையைப் போட்டுவிட்டு டிவி முன்னால் போய் நின்றாள். தொழுகையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மறந்தாள். தைரியம் சொல்ல வந்த இப்ராஹீம் தானும் ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதிமூன்றாம் நாள் காலை, சந்தைக்குக் கிளம்பி லிஃப்டுக்குக் காத்திருந்தபோது போன் அடித்தது.

"உம்மா, நான்தான். லைன் இல்ல, வேற ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கேன். அடுத்த வாரம் வீட்டுக்கு வர்றேன்."

பேசி முடித்த கையோடு வெள்ளை யூனிஃபார்மில் சிரிக்கிற படம் ஒன்றும் அனுப்பினான். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே சம்சுன்னிசா அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது.

கதவைத் திறந்துகொண்டு மனோரஞ்சிதம் ஓடி வந்தாள். சந்தோஷத்தில் சம்சுன்னிசாவுக்கு உத்தரவெல்லாம் மறந்து போச்சு.

"முஆத் வர்றான்க்கா. அடுத்த வாரம். ஆறு மாசம்னாங்க, நாலு மாசத்துலயே விட்டுட்டாங்க."

மனோரஞ்சிதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்திருந்தது.

"நான் நினைச்சேன். ஜெயில்ல நல்லபடியா நடந்துக்கிட்டா மூணுல ஒரு பங்கு கழிச்சிருவாங்க."

சம்சுன்னிசாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. என் பிள்ளை ஜெயிலில் இருக்கிறான் என்றா இந்த மனுஷி இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்? இப்ராஹீம் என்ன சொன்னாலும் சரி, யூனிஃபார்ம் படத்தை இவள் மூஞ்சிக்கு நேரே நீட்டிவிடுவது என்று போனைத் திறந்தாள்.

மனோரஞ்சிதம் அதைக் கவனிக்கவில்லை. தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட என்ன வெக்கம் சம்சு? என் பையன் உமாசுதன் லண்டன்ல இருக்கான்னுதான் இந்த புளோக் முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு வருஷமாச்சு. பஸ் ஏறினா முக்கால் மணி நேரத்துல அவனப் பாத்துரலாம். இத யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்கிட்டச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வருது."

சம்சுன்னிசா திறந்த போனை அப்படியே அணைத்துச் சந்தைப் பைக்குள் போட்டாள்.

"அடுத்த தடவை போறப்ப சொல்லுங்கக்கா," என்றாள். "பஸ்ல நானும் துணைக்கு வர்றேன்."