வீட்டு ஆம்பளை வரணும்

“ரெண்டு லட்சம் சோம் பணம். கூடவே ஒரு செம்மறியாடு. அதை உங்க வீட்டுக்காரரே கொண்டுவந்து என் கையில குடுக்கணும்.”

சொல்லிவிட்டு ஜிபெக் தேநீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். கழுத்தில் வெள்ளைத் துணியால் பெரிய கட்டு. புரூலின் வீட்டுக்கு அவள் வருவது இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் ரொட்டியில் ஒரு துண்டுகூடப் பிட்டு வாயில் வைக்கவில்லை. வைத்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டோடு சண்டை போட முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

பேரம் பேச வந்திருந்த தாலாய் தொடையைத் தட்டிச் சிரித்தான். புரூலின் கொழுந்தன் அவன்.

“ரெண்டு லட்சமா? தங்கச்சி, உன் காரை அக்கக்கா கழட்டி வித்தாலும் அவ்வளவு தேறாது. பட்டறையில கேட்டுட்டேன். பம்பர் நசுங்கினதுக்கு நாலாயிரம். கழுத்துக்கு ஒரு டப்பா தைலம், அது என் செலவு.”

“பின்னாடி வந்து இடிச்சது யாரு?”

“நடுரோட்டுல நீ திடீர்னு பிரேக் போட்டா, பின்னாடி வர்றவங்க பறந்தா போவாங்க?”

“அதை டிராஃபிக் போலீஸ்கிட்ட சொல்லிப் பாருங்க. பின்னாடி இடிச்சவங்க மேலதான் எழுதுவாங்க. லைசென்ஸ் போயிடும்.”

புரூல் ஜன்னல் வழியாக, தான் ஓட்டிப்போய் இடித்த காரைப் பார்த்தாள். கிராமத்திலிருந்து ஓஷ் சந்தைக்கு ஆள் ஏற்றிப் போகிற பழைய கார் அது. அதை வைத்துத்தான் அவளும் இரண்டு பெண்களும் சாப்பிடுகிறார்கள். கேட்ட பணத்தைக் கொடுத்தால் கார் போகும். கொடுக்காவிட்டால் லைசென்ஸ் போகும்.

“அண்ணி, ஏதாவது சொல்லுங்களேன்! நேத்து ஆடுன்னா, சரின்னுட்டீங்க. நாளைக்கு இவ குதிரை கேட்டாலும் தலையாட்டுவீங்க போல.”

“பணத்தைக் குறைச்சுக்கறேன்,” என்றாள் ஜிபெக் சட்டென்று. “பாதியாக்கூட வாங்கிக்கறேன். ஆனா அவர் வரணும். கார் அவர் பேர்லதானே இருக்கு? வீட்டு ஆம்பளை வந்து மன்னிப்புக் கேக்கறதுதானே முறை?”

“அடேயப்பா, முறை தெரிஞ்சவ! எங்க அண்ணன் ரஷ்யாவுல கட்டட வேலையில இருக்கான். நீ கூப்பிட்டதும் ஓடி வர அது என்ன பக்கத்துத் தெருவா? மாசாமாசம் பணம் அனுப்பறான், போன் பண்றான். இல்லையா அண்ணி?”

“போன வாரம்கூடப் பேசினார்,” என்றாள் புரூல்.

பொய் எவ்வளவு சரளமாக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கணவன் குபாத் பேசிப் பதினாலு மாதம் ஆகிறது. பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கினாலும் மாமியாருக்குச் சால்வை வாங்கினாலும் ‘அவர் அனுப்பினது’ என்றுதான் கொடுத்தாள். ஓடிப்போனவன் என்று ஊர் ஒரு தடவை சொல்லிவிட்டால் அவன் திரும்பி வரும் வழியும் அடைபட்டுவிடும் என்று பயம்.

அங்கே அவனுக்கு வேறொருத்தி தேநீர் ஊற்றிக் கொடுக்கிறாள். இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. தானே முடிவு செய்துகொண்டாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணைத் தினமும் மனதுக்குள் சபிப்பாள். ஆனால் சபித்து முடிக்கும்போது ஒரு சின்ன ஆறுதலும் வரும்: அவன் வேளைக்குச் சாப்பிடுகிறான், குளிரில் கிடக்கவில்லை.

ஜிபெக் முதல் தடவை வந்து தொகை சொன்ன அன்றைக்கே அவனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். நாலாயிரம் என்றால் அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். இரண்டு லட்சம், கார் கையை விட்டுப் போகப்போகிறது என்றால் ஒருவேளை… அதனால்தான் அவள் பேரமே பேசவில்லை. செய்தி இன்னும் படிக்கப்படாமல் கிடந்தது.

“போன வாரமா?” ஜிபெக்கின் குரல் மாறியிருந்தது. “எங்கேர்ந்து பேசினார்?”

“எங்கேர்ந்து பேசினா உனக்கென்ன? அவன் என்ன, உன் மாமனா மச்சானா?” தாலாய் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டான். “போலீஸ்ல என் கூட்டாளி ஒருத்தன் இருக்கான், கூட்டிட்டு வரேன். அண்ணி, அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போட்டுத் தொலைக்காதீங்க.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. புரூல் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள்.

“தங்கச்சி, காரை வித்து நீ கேட்டதைத் தந்துடறேன். அவரை மட்டும் கூப்பிடச் சொல்லாதே. அவர் வர மாட்டார். பேசியே பதினாலு மாசம் ஆச்சு. மாமியாருக்குக்கூடத் தெரியாது. அங்கே எவகூடவோ குடும்பம் நடத்தறார்.”

ஜிபெக் கழுத்துக் கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். உள்ளே ஒரு கீறல்கூட இல்லை.

“வேணும்னேதான் பிரேக் போட்டேன், அக்கா. நீங்க அவரை வீட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். பெரிய தொகையாக் கேட்டா வெளியில வந்துதானே ஆகணும்னு…”

புரூல் அவள் முகத்தைப் பார்த்தாள். பதினாலு மாதமாகச் சபித்த முகம் இதுதானா? இவ்வளவு சின்னப் பெண்ணா? கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“அப்போ நீ… அவரை எங்கே விட்டுட்டு வந்தே?”

“பதினாலு மாசத்துக்கு முன்னாடி ரஷ்யாவுல நானேதான் அவரை ரயில் ஏத்திவிட்டேன், அக்கா,” என்றாள் ஜிபெக். “உங்ககிட்டத்தான் போறேன்னு சொல்லிக் கிளம்பினார்.”