பஞ்சாலை கொண்டுவந்த முந்நூறு

சன்னாசியின் மகள் பஞ்சாலை வருவது தெரிந்ததும் வீரமுத்து மாட்டுக்கொட்டகைக்குள் புகுந்து புல்லுக்கட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டான். நான்கு நாட்களாக இதே கூத்துதான்.

கடன் வாங்கியவன் ஒளிவதைச் சுவா ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயம் நிறையப் பார்த்திருக்கிறது. கடன் கொடுத்தவன் ஒளிவதை இப்போதுதான் பார்க்கிறது.

ஜப்பான்காரன் வந்த வருஷம் பஞ்சாலையின் அப்பா சன்னாசிக்கு விஷக்காய்ச்சல். கொய்னா மாத்திரை வாங்க அறுபது வெள்ளி கொடுத்தது மாட்டுவண்டிக்கார வீரமுத்துதான். மனிதர் பிழைத்துக்கொண்டார், கடன் இரண்டு வருஷமாக அப்படியே நின்றது. மாதம் பிறந்தால் வீரமுத்து முகம் மழித்துக்கொண்டு, நாலு மரவள்ளிக்கிழங்கோடு அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பான். சன்னாசியின் உடம்பை விசாரிப்பான். ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவான். கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வாரம் கோலா பிலாவிலிருந்து பஞ்சாலையின் தாய்மாமன் வந்தார். ஆடு விற்ற காசு முந்நூறு வெள்ளி, அத்தனையும் வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு. "ஒன் இஷ்டம்போல செலவு பண்ணிக்கம்மா" என்று தங்கை மகள் கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று ஆரம்பித்தது துரத்தல். முதல் நாள் ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் அவளைக் கண்டு வீரமுத்து கூட்டத்தோடு நழுவினான். மறுநாள் சாலையில் அவள் கைதட்டிக் கூப்பிட்டபோது, என்றைக்கும் அடிக்காத மாட்டை ஓர் அடி அடித்தான். மாடே திடுக்கிட்டுத்தான் ஓடியது.

"அந்த நோட்டுக்கு ஒரு முழத் துணிகூட வராது. அதான் வண்டிக்காரன் ஓடுறான்" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. பஞ்சாலை தனியாக வரவில்லை. பக்கத்து வீட்டு ராக்கம்மாவையும் சாட்சிக்கு இழுத்து வந்திருந்தாள்.

"வண்டிக்காரரே, மாடு மூச்சு விடுற சத்தம் எனக்குத் தெரியும். புல்லுக்கட்டுக்குப் பின்னால இருக்கிறது மாடு இல்ல. எந்திரிச்சு வாங்க."

வீரமுத்து தலையெல்லாம் புல்லாக எழுந்து நின்றான்.

"அறுபதுக்கு முந்நூறு இருக்கு. காசு மதிப்பு எறங்கிப்போச்சுன்னு பேச்சு வரக்கூடாதுன்னு அஞ்சு மடங்கு. எண்ணிக்குங்க."

"இப்ப என்னா அவசரம் லா, பஞ்சாலை? சண்டை முடியட்டும். மெதுவா குடு."

"ஏம்ப்பா, ஜப்பான் நோட்ட வேணாம்னு சொன்னா தலை தப்பாது, தெரியுமில்ல?" ராக்கம்மா கண்ணை உருட்டினாள். "நான் வேற பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

வேறு வழியில்லை, கையை நீட்டினான். நோட்டுக்கட்டு உள்ளங்கையில் விழுந்தது.

"பஞ்சாலை எனக்கு ஒரு காசு பாக்கி இல்லன்னு அக்கா காதுல விழுற மாதிரி சொல்லுங்க."

"எம்மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?"

"சொல்லுங்க."

சொன்னான். ராக்கம்மா "கேட்டாச்சு, கேட்டாச்சு" என்று தலையாட்டிவிட்டு வெளியே நகர்ந்தாள்.

வீரமுத்து நோட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காசு செல்லாதுன்னா நான் ஓடுனேன்? கடனச் சாக்கு வச்சு மாசத்துக்கு ஒரு தடவ ஒன் வீட்டு வாசல்ல வந்து நின்னேன். இனிமே என்னத்தச் சொல்லிக்கிட்டு வர்றது?"

இரண்டு வருஷம் தொண்டையில் நின்ற பேச்சு. கொட்டிவிட்டு, மாட்டின் கழுத்தைத் தடவியபடி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரிப்பாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று காத்திருந்தான்.

பஞ்சாலை இரண்டும் செய்யவில்லை.

"கடனுக்கு ஈடா பொண்ணக் குடுத்துட்டாருன்னு நாளைக்கு எங்கப்பாவ ஒருத்தன் பேசக்கூடாது. அதான் சாட்சி வச்சுத் தீத்தேன்" என்றாள்.

பிறகு வாசல்வரை போய்த் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இப்ப வந்து பொண்ணு கேளுங்க."