சிவப்புக் குடை, மஞ்சள் பலூன், பச்சைத் தொப்பி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு போட்டோ எடுத்த கதை சொல்கிறேன்.

கடற்கரையில் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் நின்ற மூன்று பிள்ளைகளுக்கும் போட்டோகிராபர் வெளிர்நிறக் குடைகளை நீட்டினார். மூத்தவள் அதை ஒதுக்கிவிட்டுப் பையிலிருந்து சிவப்புக் குடை, மஞ்சள் பலூன், பச்சைத் தொப்பி என்று எடுத்தாள்.

"கண்ணைக் குத்தும் மேடம். இப்ப லைட் கலர்தான் ஃபேஷன்."

"குத்தட்டும் தம்பி."

"டிராஃபிக் சிக்னல் மாதிரி நிக்கச் சொல்றியேக்கா!" என்றான் கடைக்குட்டி.

"பேசாம மாட்டுடா. அம்மா ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே போட்டோ."

போட்டோகிராபருக்கு மனசு கேட்கவில்லை. முதலில் தன் குடைகளோடு ஒரு படம் எடுத்து அம்மாவிடம் காட்டினார்.

"நல்லாயிருக்குப்பா" என்றாள் அம்மா, மரியாதைக்கு.

பிறகு மூத்தவள் இஷ்டப்படி எடுத்துக் கொடுத்தார். அம்மா கேமராவை மூக்கோடு ஒட்டிப் பிடித்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"சிவப்பு பெரியவ. மஞ்சள் சின்னவ. பச்சை என் வாலு!"

"அம்மாவுக்கு இப்ப முகம் தெரியாது தம்பி, கலர் மட்டும்தான் தெரியும்" என்றாள் மூத்தவள் மெதுவாக. "சின்ன வயசுல நாங்க கூட்டத்துல தொலைஞ்சிடக் கூடாதுன்னு, இதே கலர்லதான் தொப்பி மாட்டி விடுவாங்க."

அம்மா அந்தக் காலத்துக் குரலில் அதட்டினாள். "மூணும் இருக்கீங்கல்ல? ஆடினது போதும், வீட்டுக்குப் போலாம் வாங்க!"

"இன்னும் அஞ்சே நிமிஷம்மா!" என்று கெஞ்சினான் கடைக்குட்டி, நரைத்த தலையில் பச்சைத் தொப்பியோடு.

உங்கள் வீட்டிலும் அப்படிக் கூப்பிட ஒரு குரலும், கெஞ்ச ஒரு பிள்ளையும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.