மூன்றாவது கொட்டேஷன்

"வாயைத் திறந்து திறந்து மூடுதுங்க. மூச்சுக்குத் தவிக்குது. இன்னிக்குப் பொழுது தாங்குமான்னே தெரியல," என்றாள் மனைவி.

"பதறாதே. ரெண்டு இடத்துல கேட்டாச்சு. மூணாவது ஆளு என்ன சொல்றான்னு பார்க்காம முடிவெடுக்கக் கூடாது," என்றார் அவர், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

தவித்துக்கொண்டிருந்தது மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய தங்கமீன். கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதைச் சுற்றவிட ஒரு பம்ப் வேண்டும். அந்தப் பம்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர் ஏற்று மூன்று மாதம் ஆகிறது.

அவர் ஒரு பெரிய ஆலையில் கொள்முதல் அதிகாரி. மூன்று கொட்டேஷன் இல்லாமல் அங்கே ஒரு துடைப்பம்கூட உள்ளே வராது. வீட்டிலும் அதே சட்டம்தான்.

ஒருமுறை மனைவி தானாகப் போய் ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்கி வந்துவிட்டாள். முறைப்படி வாங்கவில்லை என்று மறுநாளே அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார் மனிதர். அடுத்தது முறைப்படி வந்து சேரும்வரை, ஐந்து மாதம், வீட்டில் எல்லோரும் கசங்கிய துணிதான் உடுத்தினார்கள்.

பம்ப் கோப்பு இப்போது நாற்பது பக்கம். மணிக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும், எத்தனை வாட், எவ்வளவு இரைச்சல் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தார். இரண்டு தடவை மூன்று கொட்டேஷனும் சேர்ந்தே விட்டது. ஆனால் மூன்றாவது வந்து சேர்வதற்குள் முதலாவதின் கெடு முடிந்துபோயிருந்தது, பாவம் அவர் என்ன செய்வார்.

"ஏதோ ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புள்ள நேரா தொட்டிகிட்டதான் ஓடுவா. அது மிதந்துச்சுன்னா அவ தாங்கவே மாட்டா."

"மூணு மாசம் தாங்கின மீன், மூணு மணி நேரம் தாங்காதா? வாயில்லா ஜீவன் விஷயத்துல ஏதோ ஒண்ணுங்கிற பேச்சே கூடாது."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். மனைவி வாசல்வரை ஓடி வந்தாள்.

"எங்க வேணும்னாலும் போங்க. அந்தத் தெருமுனைக் கடைக்கு மட்டும் போகாதீங்க. அந்த ஆளு சரியில்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லிக்கிறாங்க," என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. நாலு பேர் சொன்னார்கள் என்று ஒரு கடையை ஒதுக்குவது எந்த விதியில் இருக்கிறது? பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கொள்முதல் செய்தால் ஆலை உருப்படுமா? நேரே தெருமுனைக் கடைக்குத்தான் போனார்.

கடைக்காரர் முழங்கைவரை ஈரத்தோடு ஒரு தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பம்பா? தொட்டி எவ்வளவு பெருசு சார்?"

"அதை நான் சொன்னா நீங்க அதுக்கேத்த மாதிரி பேசிருவீங்க. முதல்ல உங்ககிட்ட என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பம்பை எடுத்து வைத்தார்.

"வீட்டுத் தொட்டின்னா நாப்பது லிட்டர் இருக்கும். அதுக்கு இது தாராளம். ஒரு மணி நேரத்துல மொத்தத் தண்ணியும் நாலஞ்சு சுத்து வந்துரும். மாட்டிட்டு மறந்துரலாம் சார்."

மறப்பதா? அவர் பம்பை ஒரு வாளித் தண்ணீரில் ஓடவிடச் சொன்னார். வாளியில் காதை வைத்துக் கேட்டார். மறு காதை வைத்தும் கேட்டார். சத்தமே இல்லை என்பது அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"சத்தம் வராதுன்னு எழுத்துல குடுப்பீங்களா?"

"சார், தொட்டியில மீன் இருக்கா, இல்ல இனிமேதான் விடப் போறீங்களா?"

"இருக்கு. மூணு மாசமா இருக்கு."

"இதுவரைக்கும் என்ன பம்ப் ஓடுச்சு?"

"ஒண்ணும் ஓடல."

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "சான்ஸே இல்ல சார். அவ்வளவு சின்னத் தொட்டியில அசையாத தண்ணி. தங்கமீன் ஒரு வாரம் இருக்கும், மிஞ்சினா பத்து நாள்."

இதைக் கேட்டதும் அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மூன்று மாதமாக மனைவியிடம் வாங்கிய வசவுக்கெல்லாம் இன்று ஒரு வழி பிறந்தது. போனை எடுத்து இரண்டு படங்களைக் காட்டினார்.

"இது பிறந்தநாள் அன்னிக்கு எடுத்தது. இது இன்னிக்குக் காலையில எடுத்தது. அதே உடம்பு, வால்ல அதே கறுப்பு. ஒரு சுத்து பெருக்கவும் இல்ல, இளைக்கவும் இல்ல. நிதானமா முடிவெடுத்தா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாதுங்க. அவசரப்படறவங்க வீட்டுலதான் மீன் சாகும்."

கடைக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் தொட்டியை வெளியே இழுத்தார். அதில் வாலில் கறுப்பு உள்ள தங்கமீன்களாகப் பொறுக்கி நாலு விட்டிருந்தது.

அவற்றைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கடைசியாகக் கொள்முதல் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார்.

"வாராவாரம் கறுப்பு வால் மீனுக்கு வர்ற அக்காவோட வீட்டுக்காரரா சார் நீங்க?"